ரோனா: திரையில் ஏறாத கப்பல்

சிவகாசியை ஒட்டிய நாரணாபுரத்தில், பட்டாசு ஆலைகளுக்கு விடுமுறையான ஒரு நாளில், நண்பர் ஒருவரின் இல்லத்தில் நாம் சிலர் கூடிப் பழைய ஜெர்மன் திரைப்படம் ஒன்றைப் பார்த்தோம். 1943இல் வெளிவந்த ‘டைட்டானிக்’ அது. பிற்காலத்து ஹாலிவுட் படத்தையே அறிந்திருந்த இளைஞர்களுக்கு, ஹிட்லரின் ஆட்சியிலும் இதே கப்பலைப் பற்றி ஒரு படம் எடுக்கப்பட்டது என்பது புதுச் செய்தியாக இருந்தது. படம் முடிந்து விளக்குப் போட்டதும், மகள் வீட்டுக்கு வந்திருந்த கடற்கரையூர்ப் பெரியவர் ஒருவர் மெல்லக் கேட்டார்: “எங்க அத்தா ரோனாவுலதான் நாகப்பட்டினத்துலேருந்து பினாங்கு போனாங்க. அந்தக் கப்பலும் சண்டையிலே முங்கிப் போச்சுன்னு சொல்வாங்க. அதுக்கு யாரும் படம் எடுக்கலியா?”

அந்தக் கேள்விக்கு அன்று நம்மிடம் விடையில்லை. பின்னர் தேடிப் படித்தபோது, இரு கப்பல்களின் கதைகளும் ஒரே மாதத்தில் ஒன்றையொன்று எதிர்கொண்டு நிற்பதைக் கண்டோம். அப்படம் பாரிஸில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது 1943 நவம்பரில். ரோனா மூழ்கியதும் அதே நவம்பரில்தான். ஒன்று பொய்யாகத் திரையேறியது. மற்றொன்று உண்மையாயிருந்தும் இரகசியமாக்கப்பட்டது. இவ்விரண்டையும் சேர்த்து நோக்குவதே இக்கட்டுரையின் எண்ணம்.

போர்க்காலத்தின் டைட்டானிக்

1912 ஏப்ரலில் பனிப்பாறையில் மோதி மூழ்கிய டைட்டானிக்கைப் பற்றி முப்பதாண்டுகள் கழித்து ஜெர்மனி படமெடுக்க முற்பட்டதற்குக் கலையார்வம் மட்டும் காரணமன்று. பிரிட்டன் இலாப வெறி பிடித்த நாடு என்று உலகுக்குக் காட்டுவதற்கு அக்கப்பல் ஏற்ற சான்றாகும் எனப் பிரச்சார அமைச்சர் கோயபல்ஸின் துறை கருதியது. போரின் நடுவிலும் பெரும் பொருட்செலவு ஒதுக்கப்பட்டது. ஹெர்பர்ட் செல்பின் இயக்கினார். பால்டிக் கடலோரத்துக் கோட்டன்ஹாஃபன் துறைமுகத்தில் நின்றிருந்த ‘காப் ஆர்கோனா’ என்னும் உண்மையான பயணிகள் கப்பலிலேயே காட்சிகள் படமாக்கப்பட்டன.

படத்தின் கதை இதுதான். கப்பல் நிறுவனத் தலைவர் இஸ்மே தம் பங்குகளின் விலையை உயர்த்துவதற்காகக் கப்பலை மிகுவேகத்தில் செலுத்துமாறு தலைவனைப் பணத்தாசை காட்டித் தூண்டுகிறார். செல்வர் ஆஸ்டர் அந்நிறுவனத்தையே கைப்பற்றச் சூழ்ச்சி செய்கிறார். ஆபத்தை உணர்ந்து எச்சரிப்பவர் ஒருவரே. அவர் பீட்டர்சன் என்னும் ஜெர்மானிய முதல் அதிகாரி. இறுதியில் விசாரணை மன்றம் இஸ்மேயை விடுவித்து, இறந்துபோன கப்பல் தலைவன்மீது பழியைச் சுமத்துகிறது.

வரலாற்றோடு ஒப்பிட்டால் இவற்றில் நிற்பது குறைவு. டைட்டானிக்கில் ஜெர்மானிய முதல் அதிகாரி எவரும் இல்லை; அப்பொறுப்பில் இருந்தவர் வில்லியம் மர்டாக். வொயிட் ஸ்டார் நிறுவனம் 1902 முதல் அமெரிக்க முதலாளி ஜே.பி. மார்கனின் கூட்டு நிறுவனத்துக்கு உரியதாயிருந்ததால், படத்தில் வரும் பங்குச்சந்தைச் சூதுக்கு இடமே இல்லை. டைட்டானிக் வேகச் சாதனைக்காகக் கட்டப்பட்ட கப்பலுமன்று. அந்தப் பெருமை அப்போது மௌரிடானியாவிடம் இருந்தது. பிரிட்டிஷ் விசாரணை மிகுவேகத்தையே காரணமாகக் கண்டது. ஆயினும் கப்பல் தலைவன் ஸ்மித் அக்காலத்து வழக்கப்படியே நடந்தார் என்று கூறி, அவர்மீது கவனக்குறைவுக் குற்றம் சுமத்தவில்லை.

ஆனால் முழுதும் பொய்யாலான பிரச்சாரம் நெடுநாள் நிற்பதில்லை. கப்பலில் இருந்தோர் 2,200க்கும் மேற்பட்டவர். உயிர்காப்புப் படகுகளோ இருபது, அவற்றில் இடம் 1,178 பேருக்கே. பனிப்பாறை எச்சரிக்கைகள் வந்தும் வேகம் குறைக்கப்படவில்லை. இவை மெய். இந்த மெய்களின்மீது ஏறி நின்றே அப்படம் தன் பொய்யைச் சொல்கிறது.

படத்துக்கு நேர்ந்த கதி படத்தைவிடக் கொடியது. படப்பிடிப்பின்போது படையினரைக் குறைகூறிப் பேசியதற்காகச் செல்பின் காட்டிக்கொடுக்கப்பட்டார். காட்டிக்கொடுத்தவர் உடனிருந்த திரைக்கதையாசிரியரே. 1942 ஆகஸ்ட் முதல் நாளில் இயக்குநர் சிறையறையில் தூக்கில் தொங்கிய நிலையில் காணப்பட்டார். வேறொருவர் படத்தை முடித்தார். முடிந்த படத்தைக் கோயபல்ஸே ஜெர்மனிக்குள் தடைசெய்தார். இரவுதோறும் குண்டுவீச்சுக்கு அஞ்சிய மக்களுக்குக் கூட்டச் சாவின் காட்சிகள் ஆகா என்று அவர் எண்ணியதாகக் கூறப்படுகிறது. படப்பிடிப்பு நடந்த காப் ஆர்கோனாவோ 1945 மே 3ஆம் நாள், வதைமுகாம் கைதிகளால் நிரப்பப்பட்டு லூபெக் விரிகுடாவில் நின்றபோது, பிரிட்டிஷ் விமானங்களால் தாக்கப்பட்டது. அன்று அதிலும் உடனிருந்த கப்பலிலும் மாண்டோர் ஏறத்தாழ 7,000 பேர். டைட்டானிக்கில் இறந்தோரைவிட நான்கு மடங்குக்கும் மேல். தாக்கிய விமானிகள் உள்ளே கைதிகள் இருந்ததை அறிந்திருக்கவில்லை.

நாகப்பட்டினத்தின் கப்பல்

இனி ரோனாவுக்கு வருவோம். பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் என்னும் பி.ஐ. நிறுவனம் 1926இல் இரண்டு உடன்பிறப்புக் கப்பல்களைக் கட்டுவித்தது. ஒன்று ரஜுலா, மற்றொன்று ரோனா. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆளேற்றிப் பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம், சிங்கப்பூர் செல்லும் வழித்தடத்துக்கென்றே கட்டப்பட்டவை அவை. 8,000 டன்னுக்கு மேற்பட்ட அக்கப்பல்கள் ஒவ்வொன்றும் ஐயாயிரத்துக்கும் அதிகமான தளப்பயணிகளை ஏற்றிச்செல்ல உரிமம் பெற்றிருந்தன. தளப்பயணி என்றால் அறையும் கட்டிலும் இல்லாதவர். கொண்டுவந்த பாயை விரித்த இடமே அவருக்கு வீடு.

தோட்டக்காட்டுக்குப் போன கூலிகளும், மளிகையும் துணியும் விற்கப் போன இராமநாதபுரம், தஞ்சைக் கடற்கரை முஸ்லிம்களும், செட்டிநாட்டுக் கணக்கப்பிள்ளைகளும் அந்தத் தளத்தில்தான் அருகருகே படுத்துறங்கினர். பினாங்கின் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், அங்கும் சிங்கப்பூரிலும் நாகூரார் பெயரில் எழுந்த நினைவிடங்களும் ரோனாவுக்கு நெடுங்காலம் முன்பே தோன்றியவை. ஆனால் அவற்றைச் சுற்றி வாழ்ந்த தமிழ் முஸ்லிம் குடும்பங்களின் இரு கரைகளையும் கட்டிவைத்திருந்த கயிறு இத்தகைய கப்பல்களே. ரஜுலாவை இன்றும் பலர் நினைவுகூர்வர். அது 1970களின் தொடக்கம் வரை ஓடியது. ரோனாவின் பெயர் மங்கிப்போனதற்குக் காரணம், அதற்கு அந்த நீண்ட ஆயுள் வாய்க்காமையே.

போர் தொடங்கியதும் ரோனா துருப்புக் கப்பலாக மாற்றப்பட்டது. 1943 நவம்பரில் அது வட ஆப்பிரிக்காவின் ஓரான் துறைமுகத்தில் ஏறத்தாழ 2,000 அமெரிக்கப் படைவீரர்களை ஏற்றியது. சூயஸ் வழியே இந்தியாவுக்கு வந்து சீன, பர்மா போர்முனைக்குச் செல்லவேண்டியவர்கள் அவர்கள். கப்பலை இயக்கியவர்கள் பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய அதிகாரிகளும் இந்திய மாலுமிகளுமாக 195 பேரளவில் இருந்தனர்.

நவம்பர் 26, வெள்ளிக்கிழமை. ஹிஜ்ரி 1362 துல்கஅதாவின் இறுதி நாள்கள். அல்ஜீரியக் கடற்கரையில் பிஜாயாவுக்கு வடக்கே கப்பல் அணி சென்றுகொண்டிருந்தபோது, பிற்பகலில் ஜெர்மன் விமானங்கள் வந்தன. அவற்றுள் ஒன்று ஹென்ஷல் 293 என்னும் வானொலியால் வழிநடத்தப்படும் குண்டை ஏவியது. குண்டின் அடியில் பொருத்திய ராக்கெட் சிறிது நேரம் எரிந்து அதை முன்தள்ளும். பின்னர் விமானத்திலிருப்பவர் ஒரு விசையை அசைத்து அதை இலக்குக்குத் திருப்புவார். இன்றைய ஏவுகணைகளின் முன்னோடி அது. அக்குண்டு ரோனாவின் இடப்புறத்தில் இயந்திர அறைப் பகுதியைத் துளைத்தது. ஒன்றரை மணி நேரத்துக்குள் கப்பல் மூழ்கியது. கடல் கொந்தளித்தது, இருளும் சூழ்ந்தது. 22 உயிர்காப்புப் படகுகளில் எட்டே நீரில் இறங்கின. இறங்கியவற்றுள்ளும் சில பாரம் தாங்காது கவிழ்ந்தன. பயனியர் என்னும் அமெரிக்கக் கண்ணிவாரிக் கப்பல் மட்டும் 606 பேரை மீட்டது. இறந்தோர் 1,100க்கும் மேற்பட்டவர். அவர்களுள் 1,015 பேர் அமெரிக்க வீரர்கள். கடற்பயணத்தில் பகைவர் தாக்குதலால் ஒரே கப்பலில் அமெரிக்கப் படை இழந்த மிகப் பெருந்தொகை இதுவே.

இத்தகைய ஆயுதம் வெற்றிபெற்றது பகைவருக்குத் தெரியக்கூடாதென்று அமெரிக்க அரசு செய்தியை அடக்கியது. உயிர்தப்பியவர்களும் வாய்திறக்கவில்லை. ஆவணங்கள் முழுமையாக வெளிவரப் பல்லாண்டுகள் ஆயின. 1990களில்தான் கார்ல்டன் ஜாக்சன் போன்றோரின் நூல்கள் வந்தன. 2000இல் அமெரிக்கக் காங்கிரஸ் அவ்வீரர்களை நினைவுகூர்ந்து தீர்மானம் நிறைவேற்றியது. அதன்பின் ஆவணப்படங்களும் எடுக்கப்பட்டன. ஜாக் பாலோ இயக்கிய படம் அந்த இரகசியத்தையே தலைப்பில் தாங்கியிருக்கிறது. ஆகவே, பெரியவரின் கேள்விக்கு ஒரு பாதி விடை: ஆம், படம் உண்டு. மறுபாதியே நம்மைக் கவலைகொள்ளச் செய்வது. அப்பெரியவர் அறிந்த ரோனா, தளப்பாயும் தகரப்பெட்டியும் ஏறியிறங்கிய ரோனா, எந்தத் திரையிலும் ஏறவில்லை.

மாலுமிகள்மீது ஒரு பழி

ரோனாவைப் பற்றிய அமெரிக்க நினைவுகளில் மீண்டும் மீண்டும் வரும் குற்றச்சாட்டு ஒன்று உண்டு. லாஸ்கர்கள் எனப்பட்ட இந்திய மாலுமிகள் அஞ்சி ஓடி, வீரர்களைக் கைவிட்டுப் படகுகளைத் தமக்கே எடுத்துக்கொண்டனர் என்பது அது. கண்ணால் கண்டவர்கள் சொன்னது. எளிதில் தள்ளிவிடக் கூடியதன்று. சாவின் முன்னிலையில் சிலர் அஞ்சியிருக்கலாம். அச்சம் எந்த நாட்டவருக்கும் உரிய தனிச்சொத்தல்ல. ஆனால் சிலர் செய்ததாகச் சொல்லப்படுவது எல்லாருடைய இயல்பாக எழுதப்படும்போது அதை நிறுத்துப் பார்க்கும் கடமை நமக்கு வருகிறது.

இங்கே நமக்குத் துணைவருபவர், வியப்புக்குரிய வகையில், அதே கடற்கரையோடு தொடர்புடைய ஒருவர். துனிஸில் 1332இல் பிறந்த இப்னு கல்தூன் 1365இல் பிஜாயாவின் அமீருக்கு ஹாஜிபாக, அதாவது தலைமை அமைச்சராகப் பணியாற்றினார். தம் ‘முகத்திமா’வில் அவர், வரலாற்றில் பொய் நுழையும் வாயில்களை வரிசைப்படுத்துகிறார்: கட்சிச் சார்பு, அறிவிப்பாளரை ஆராயாமல் நம்புதல், ஆள்வோரை மகிழ்விக்கும் நோக்கம், நிகழ்ச்சிகளின் இயல்பை அறியாமை. மூஸா நபியின் படை ஆறு இலட்சம் பேர் என மஸ்ஊதி எழுதியதை எடுத்துக்கொண்டு, அத்தனை பேர் அந்நிலப்பரப்பில் நின்று போரிட இயலுமா என்று கணக்கிட்டு மறுக்கிறார். சொன்னவர் யார் என்று மட்டும் பாராமல், சொல்லப்பட்டது நடக்கக்கூடியதா என்றும் பார்ப்பது அவர் முறை. செய்தி வந்தால் ஆராய்ந்து தெளிக என்னும் குர்ஆனின் ஹுஜுராத் அத்தியாயக் கட்டளையை வரலாற்றுத் துறையில் செயற்படுத்தியவர் அவர்.

அவர் வழியில் கணக்கிடுவோம். அமெரிக்க வீரர்கள் ஏறத்தாழ 2,000 பேரில் 1,015 பேர் இறந்தனர், அதாவது பாதியளவு. கப்பல் ஊழியர் 195 பேரளவில் நூற்றிருபது பேரளவினர் இறந்தனர். அதாவது ஐவரில் மூவர். படகுகளைத் தமக்கென எடுத்துக்கொண்டு தப்பியவர்கள் என்று பழிக்கப்பட்டவர்களே மற்றவரைவிட மிகுதியான விகிதத்தில் மாண்டிருக்கிறார்கள்.

இக்கணக்கை நாமும் அளவுக்கு மீறி நீட்டக்கூடாது. குண்டு இயந்திர அறைப் பகுதியில் பட்டதால், அங்கே பணியிலிருந்தோர் தப்ப வழியின்றி இறந்திருப்பர்; அதனால் ஊழியரின் விகிதம் உயர்ந்திருக்கும். எண்ணிக்கை எந்தத் தனிமனிதனையும் வீரனாக்குவதில்லை. ஆனால் ‘அவர்கள் தப்பிவிட்டார்கள்’ என்னும் பொதுப்பழி இந்த எண்களின் முன் நிற்காது. இன்னொன்றும் நினைவில் கொள்ளத்தக்கது. படகை இறக்குவதும் அதில் ஏறித் துடுப்புப் போடுவதும் மாலுமியின் பணி. இந்துஸ்தானியில் ஏவலேற்றுப் பழகியவர்கள் அவர்கள். அதை அறியாத வீரர்கள் இருட்டில் கண்டதைத் தம் அச்சத்தின் மொழியில் பொருள்கொண்டதும் இயல்பே.

இந்த மாலுமிகள் யார்? போரின்போது பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களின் ஊழியரில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாதவர் இந்தியர்கள். சிலெட், சிட்டகாங், நவகாளி, கத்தியவார், இரத்தினகிரி, கோவா ஆகிய இடங்களிலிருந்து அவர்கள் வந்தனர். சாரங்கும் தண்டலும் அவர்களுக்குத் தலைவர்கள். தளத்திலும் கொதிகலன் அறையிலும் உழைத்தவருள் பெரும்பாலோர் முஸ்லிம்கள். அதே கப்பலில் அதே ஆபத்தில் நின்ற ஐரோப்பிய மாலுமியின் ஊதியத்தில் ஒரு சிறு பங்கே அவர்களுக்குக் கிடைத்தது. 1939இல் போர் மூண்டதும் பல துறைமுகங்களில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்து ஊதிய உயர்வு கேட்டனர்; சிலர் அதற்காகச் சிறையும் சென்றனர். போர் முடிவதற்குள் கடலில் மாண்ட இந்திய மாலுமிகள் 6,000க்கும் மேற்பட்டவர்.

கண்ணாடியின் மறுபக்கம்

இப்பழியைப் படிக்கும் முஸ்லிம் வாசகருக்கு இன்னொரு கப்பல் நினைவுக்கு வரவேண்டும். 1880 ஜூலையில் பினாங்கிலிருந்து ஏறத்தாழ 950 ஹஜ் பயணிகளை ஏற்றிப் புறப்பட்டது ‘ஜித்தா’ என்னும் கப்பல். ஆகஸ்ட் 8ஆம் நாள், ஏடனை நெருங்குமுன், கொதிகலன்கள் இடம்பெயர்ந்து நீர் புகுந்தபோது, ஐரோப்பியத் தலைவனும் அதிகாரிகளும் பயணிகளைக் கைவிட்டுப் படகில் இறங்கிச் சென்றனர். வேறொரு கப்பலால் மீட்கப்பட்டு ஏடனை அடைந்த அவர்கள், ஜித்தா மூழ்கிப் பயணிகள் மாண்டனர் என்று அறிவித்தனர். ஓரிரு நாளில் அந்தக் கப்பலே, பயணிகளோடு, இன்னொரு கப்பலால் இழுத்துவரப்பட்டு ஏடன் துறைமுகத்துக்குள் நுழைந்தது. கைவிடப்பட்ட ஹாஜிகள் தாமே நீரை இறைத்துக் கப்பலை மிதக்கவைத்திருந்தனர்.

அந்நிகழ்ச்சியை வைத்து ஜோசப் கான்ராட் எழுதிய ‘லார்ட் ஜிம்’ நாவல் 1900இல் நூலாயிற்று. 1965இல் பீட்டர் ஓ’டூல் நடிக்கத் திரைப்படமும் ஆயிற்று. இரண்டிலும் கதை யாருடையது? ஓடிப்போன வெள்ளை அதிகாரியின் மனச்சாட்சியுடையது. நீர் இறைத்த ஹாஜிகள் பெயரற்ற கூட்டமாகப் பின்னணியில் நிற்கின்றனர். ஒரு வெள்ளை அதிகாரி ஓடினால் அது ஓர் ஆன்மாவின் துன்பியல்; ஓர் இந்திய மாலுமி ஓடினான் எனப்பட்டால் அது ஓர் இனத்தின் குணம்! திரைப்படத்தின் வரலாற்று மெய்ம்மையை ஆராய்வோர் கப்பலின் நீளத்தையும் புகைபோக்கிகளின் எண்ணிக்கையையும் சரிபார்க்கிறார்கள். யாருக்கு முகம் தரப்பட்டது, யாருக்குத் தரப்படவில்லை என்பதையும் சரிபார்க்க வேண்டும். 1943இன் டைட்டானிக் படத்தின் காட்சிகள் பல மெய்யான கப்பலிலேயே எடுக்கப்பட்டன. அதன் மூழ்கும் காட்சிகள் சிலவற்றை 1958இல் வந்த பிரிட்டிஷ் படம் எடுத்தாளும் அளவுக்கு அவை நேர்த்தியாக இருந்தன. ஆனாலும் அது பொய்ப்படமே. விவரம் மெய்யாயிருப்பது வேறு. சாட்சியம் மெய்யாயிருப்பது வேறு.

பெயர்கள்

ரோனாவில் மறைந்த அமெரிக்க வீரர்களின் பெயர்கள் துனிஸுக்கு அருகே கார்த்தேஜில், காணாமற்போனோர் சுவரில் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. இப்போரில் மாண்ட இந்திய மாலுமிகளின் பெயர்கள் கல்லில் இல்லை. அவை ஓர் ஏட்டில் எழுதப்பட்டு, அதன் ஒரு படி மும்பையிலும் மறுபடி சிட்டகாங்கிலும் வைக்கப்பட்டிருக்கின்றன. ஏடும் நினைவுச்சின்னமே; எவரேனும் திறந்து படித்தால்.

நாரணாபுரத்துக்கு இச்செய்தி அயலானதன்று. இவ்வட்டாரத்தின் பட்டாசுத் தொழில் வேரூன்றியதே அதே போர்க்காலத்தில், 1940ஆம் ஆண்டையொட்டித்தான். எரிமருந்தின் வல்லமையையும் சினத்தையும் இங்குள்ளோர் புத்தகத்தில் படித்து அறிந்தவர்களல்லர். ஆலையில் வெடிவிபத்து நேர்ந்தால் மறுநாள் வரும் செய்தியை நாம் அனைவரும் மனப்பாடமாக அறிவோம்: மருந்துக் கலவையில் உராய்வு ஏற்பட்டது, இத்தனை பேர் பலி. உராய்ந்த கை யாருடையது, அந்த அறையில் இருக்கவேண்டியவர் எத்தனை பேர், இருந்தவர் எத்தனை பேர், அவர்கள் கூலி எவ்வளவு என்னும் கேள்விகள் அந்த வரியில் இடம்பெறுவதில்லை. 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியில் நாற்பது பேரளவில் மாண்டபோது, அவர்களுள் பலர் ஆலைத் தொழிலாளர்களே அல்லர். புகை கண்டு உதவ ஓடிவந்த அக்கம்பக்கத்தினர். ‘அலட்சியம்’ என்ற ஒற்றைச் சொல்லில் அவர்களையும் அடக்கிவிட முடியுமா? கப்பலில் லாஸ்கர் நின்ற இடத்தில்தான் இங்கே தொழிலாளி நிற்கிறார். இறந்தவனால் மறுமொழி சொல்ல இயலாது என்பதே அவன்மீது பழிபோடுவதை எளிதாக்குகிறது.

அடுத்த முறை நாரணாபுரம் சென்றபோது அப்பெரியவரிடம் நாம் அறிந்தவற்றைக் கூறினோம். எத்தனை மாலுமிகள் இறந்தனர் என்று கேட்டார், சொன்னோம். அவர்கள் பெயர்கள் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று கேட்டார். ஏட்டில் இருக்கின்றன என்றோம். “அப்ப அதை யாராவது வாசிக்கணும்” என்றார். நாகப்பட்டினத்திலும் நாகூரிலும் கீழக்கரையிலும் தொண்டியிலும் பழைய பெட்டிகளின் அடியில் ரோனாவின் பயணச் சீட்டுகளும் கடிதங்களும் இன்னும் கிடக்கக்கூடும். அவற்றைத் திரட்டுவதும், அத்தளத்தில் பயணம் செய்த தலைமுறையிடமிருந்து பிள்ளைகள் கேட்டவற்றைப் பதிவுசெய்வதும், மும்பை ஏட்டிலுள்ள பெயர்களைத் தமிழில் கொண்டுவருவதும் நம்மால் ஆகக்கூடிய பணிகள். படமெடுப்பவர் என்றேனும் வருவர். அவர் வரும்போது அவர் கையில் கொடுக்கச் சான்று இருக்கவேண்டும். இல்லையேல் அவரும் இருட்டில் கண்டவர்களின் சொல்லையே படமாக்குவார்.